மறையெழுத்தும் மொழிபெயர்ப்பும்: கோப்பியாலே சுவடியின் குறியவிழ்ப்பு வரலாறு

1. முன்னுரை

பழம் நூல் ஒன்று, அதனுள் ஒளித்து வைக்கப்பட்ட செய்தி, அதனை வெளிக்கொணர முயலும் கணிப்பொறி ஆகிய மூன்றையும் இணைத்துப் புனையப்படும் மர்மப் புதினங்கள் இன்று தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தங்க வண்டு' என்னும் கதையை இவ்வகைக்கு முன்னோடி எனலாம். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து எது என்னும் அறிவைக் கொண்டே அக்கதையில் புதையலின் இடம் கண்டறியப்படுகிறது. அண்மைக்கால எடுத்துக்காட்டு, ராபின் ஸ்லோன் 2012இல் வெளியிட்ட 'மிஸ்டர் பெனம்ப்ராவின் 24 மணி நேரப் புத்தகக் கடை' ஆகும். வெனிசு நகர அச்சாளர் ஆல்டஸ் மனுசியஸ் விட்டுச்சென்றதாகக் கற்பனை செய்யப்பட்ட மறைநூல் ஒன்றைக் கணிப்பொறிகள் பல ஒன்றுசேர்ந்தும் அவிழ்க்க இயலவில்லை. அச்சிடப் பயன்பட்ட உலோக எழுத்துகளில் வெட்டப்பட்டிருந்த நுண்ணிய அடையாளங்களில் விடை இருப்பது பின்னரே தெரியவருகிறது.

எண்ணிக் கணக்கிடும் பொறி ஒரு நூலை எந்த எல்லைவரை படிக்க வல்லது என்பதே இத்தகைய கதைகள் எழுப்பும் வினா. இவ்வினா கற்பனைக்கு மட்டும் உரியதன்று. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோப்பியாலே சுவடி என்னும் மறையெழுத்து நூல் 2011இல் கணிப்பொறியின் துணையுடன் படிக்கப்பெற்றது. அந்நிகழ்ச்சியின் வரலாற்றை ஆராய்ந்து, குறியவிழ்ப்பும் மொழிபெயர்ப்பும் அடிப்படையில் ஒரே செயலே என்னும் கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எழுத்தை மறைத்தலும் சொல்லை மறைத்தலும்

செய்தியை மறைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, எழுத்திற்குப் பதில் வேறோர் எழுத்தையோ குறியையோ இடுதல். மற்றொன்று, சொல்லிற்குப் பதில் வேறொரு சொல்லையோ அடையாளத்தையோ வழங்குதல். இவ்விரண்டும் இந்திய மரபிற்குப் புதியன அல்ல. வாத்சியாயனரின் காமசூத்திரம் கூறும் 64 கலைகளுள் ஒன்று மிலேச்சித விகற்பம். எழுத்துகளை ஒன்றிற்கு ஒன்றாக மாற்றி எழுதும் முறைகளை அதன் உரையாசிரியர் யசோதரர் விளக்குகிறார். இது முதல் வகையின்பாற்படும். தமிழிலக்கணம் தகுதி வழக்கினுள் அடக்கிக் கூறும் குழூஉக்குறி இரண்டாம் வகை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இங்கே எழுத்து மறையவில்லை, ஒலிப்பு மறையவில்லை, குழுவிற்குப் புறம்பானவனுக்குப் பொருள் மட்டும் மறைகிறது. இவ்வேறுபாடு கோப்பியாலே சுவடியைப் புரிந்துகொள்ள மிகவும் இன்றியமையாதது.

எழுத்துமாற்று முறையை உடைக்கும் வழியை முதலில் எழுதி வைத்தவராக அறியப்படுபவர் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அரபு அறிஞர் அல் கிந்தி. ஒரு மொழியின் எழுத்துகள் ஒரே அளவில் வருவதில்லை. சில மிகுதியாகவும் சில அருகியும் வருகின்றன. ஆதலின் மறைவாசகத்தில் மிகுதியாக வரும் குறி, மொழியில் மிகுதியாக வரும் எழுத்தைக் குறிக்கும் என்பது அவர் கண்ட உண்மை. மொழியின் அமைப்பைக் கணக்கிட்டு அறியும் ஆய்வின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

இத்தாக்குதலைத் தடுக்கப் பிற்காலத்தார் ஒரே எழுத்திற்குப் பல குறிகளை ஏற்படுத்தினர். மிகுதியாக வரும் உயிரெழுத்திற்கு நான்கு குறிகள் இருப்பின், அதன் வருகை எண் நான்காகப் பிரிந்து தணிந்துவிடும். இதனைப் பல்குறி முறை என்போம். இத்தாலியின் மான்டுவா அரசவையில் 1401ஆம் ஆண்டிலேயே இம்முறை கையாளப்பட்டதற்குச் சான்று உள்ளது.

3. வீவரின் கருத்து

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மறைமொழி ஆய்வும் கணிப்பொறியும் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தன. இச்சூழலில், ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த வாரன் வீவர், கணித அறிஞர் நார்பர்ட் வீனருக்கு 1947 மார்ச்சில் எழுதிய கடிதத்தில் மொழிபெயர்ப்பையே ஒரு குறியவிழ்ப்புச் சிக்கலாகக் கருதலாமே என்னும் எண்ணத்தை வெளியிட்டார். ஒரு ரஷ்யக் கட்டுரை உண்மையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அறியாத குறிகளால் மறைக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், அதனைப் பொறியே அவிழ்த்துவிடலாம் என்பது அக்கருத்தின் சாரம். சொற்களின் பொருளெல்லைகள் மொழிக்கு மொழி தெளிவற்றவை என்றும், அவற்றுடன் ஒட்டிய உணர்ச்சிச் சாயல்கள் விரிந்தவை என்றும் கூறி வீனர் இதனை ஏற்க மறுத்தார். எனினும் வீவர் 1949 ஜூலையில் தம் கருத்தை விரித்து ஒரு குறிப்பாணையாக எழுதி அறிஞர் பலர்க்கும் அனுப்பினார். எந்திர மொழிபெயர்ப்பு ஆய்வு தொடங்க அதுவே தூண்டுகோலாயிற்று.

அக்குறிப்பாணையில் இடம்பெறும் நிகழ்ச்சியொன்று நம் ஆய்விற்கு மிகவும் பயன்படுவது. குறியவிழ்ப்பு முறையொன்றை வகுத்த கணித அறிஞரிடம் அவருடைய நண்பர் ஒரு மறைவாசகத்தைக் கொடுத்தார். அது ஏறத்தாழ 100 சொற்களைக் கொண்ட துருக்கி மொழி வாசகம் என்பது கணித அறிஞருக்குத் தெரியாது. துருக்கி மொழியும் தெரியாது. மறுநாள் அவர் தம் முயற்சி தோற்றதாகக் கூறித் தமக்குக் கிடைத்த எழுத்துத் தொடரைக் காட்டினார். இடம்விட்டு எழுதிச் சிறு திருத்தங்களும் செய்தபோது அது மூல வாசகமாகவே இருந்தது.

மொழி தெரியாமலே குறியை அவிழ்க்க இயலும் என்பதற்குச் சான்றாக வீவர் இதனைக் காட்டினார். ஆனால் இதே நிகழ்ச்சியை மறுபுறமிருந்தும் நோக்கலாம். குறியை அவிழ்த்தவர் தாம் வென்றதையே அறியவில்லை. வெற்றி என்று அறிவிக்கத் துருக்கி மொழி அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். வீவர் இந்த இரண்டாம் பக்கத்தை வலியுறுத்தவில்லை. பின்வந்த வரலாறு அதனை வலியுறுத்தியது.

1954இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் நடத்திய செயல்விளக்கம், 250 சொற்களையும் 6 விதிகளையும் கொண்டு ரஷ்யத் தொடர்களை ஆங்கிலமாக்கிப் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. 1966இல் அமெரிக்க அரசுக்காக அமைந்த ஆல்பாக் குழுவின் அறிக்கை அந்நம்பிக்கையைக் குலைத்தது. வீவரின் கருத்து முழு உருவம் பெற்றது 1990ஆம் ஆண்டையொட்டியே ஆகும். ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கனடா நாடாளுமன்ற நடவடிக்கைகளின் ஆங்கில, பிரெஞ்சு வடிவங்களை இணையாக வைத்து, பிரெஞ்சுத் தொடரை உருமாறி வந்த ஆங்கிலத் தொடராகக் கருதி, நிகழ்தகவின் வழி மூலத்தைக் கணிக்கும் முறையை வகுத்தனர். இம்மரபில் வந்தவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கெவின் நைட். இவர் மொழிபெயர்ப்பிற்காக வளர்ந்த கருவிகளை மீண்டும் மறையெழுத்தின்மீதே செலுத்தினார்.

4. சுவடியும் அதன் தோற்றமும்

கோப்பியாலே சுவடி 105 பக்கங்களைக் கொண்டது. பொன்னும் பச்சையும் கலந்த பூவேலைத் தாளால் கட்டமைக்கப்பட்டது. ஏறத்தாழ 75,000 குறிகள் அதில் உள்ளன. 1760க்கும் 1780க்கும் இடைப்பட்ட காலத்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது. மறைக்கப்படாமல் எழுதப்பட்டவை இரண்டே: 'பிலிப் 1866' என்னும் உடைமைக் குறிப்பும், இறுதியிலுள்ள 'கோப்பியாலேஸ் 3' என்னும் சொல்லும். இரண்டாவதே சுவடிக்குப் பெயராயிற்று.

சுவடியில் வரும் வேறுபட்ட குறிகள் ஏறத்தாழ 90. அவற்றுள் ரோமன் எழுத்துகள் 26ம் உள்ளன. மேற்குறி பெற்ற ரோமன் எழுத்துகள், கிரேக்க எழுத்துகள், எந்த நெடுங்கணக்கிலும் அடங்காத வடிவங்கள் ஆகியன ஏனையவை. இவற்றிடையே அளவில் பெரிய அடையாளங்கள் சிலவும் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி கிடையாது.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழிநூலறிஞர் கிறிஸ்டியானே ஷேஃபர் இதன் படியொன்றைப் பல ஆண்டுகளாகத் தம்மிடம் வைத்திருந்தார். 2011இன் தொடக்கத்தில் கெவின் நைட் உப்சாலாவிற்கு வந்தபோது இச்சுவடி அவர் பார்வைக்கு வந்தது. உப்சாலாவின் கணிப்பொறி மொழியியலாளர் பெயாட்டா மெடியெசியும் இணைந்து மூவர் குழு அமைந்தது. இக்குழுவில் நிகழ்தகவுக் கணிதமும், மொழித்தரவுத் தொகுப்புப் பயிற்சியும், ஜெர்மன் மொழிநூல் புலமையும் ஒருங்கே இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

பொறி தொடங்குவதற்கு முன் மனிதக் கண் செய்ய வேண்டிய பணி ஒன்றிருந்தது. கணிப்பொறி கையெழுத்தைக் கண்டு குறிகளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயரிட்டுத் தட்டச்சு செய்தே உள்ளிட வேண்டியிருந்தது. முதற்கட்டமாக 16 பக்கங்கள், 10,840 குறிகள், இவ்வாறு பெயர்த்தெழுதப்பட்டன. இரு வடிவங்கள் ஒரே குறியின் கைவேறுபாடா, வெவ்வேறு குறிகளா என்பதை இங்கேயே முடிவுசெய்தாக வேண்டும். ஒலியனையும் மாற்றொலியையும் பிரிக்கும் களப்பணியாளர்க்கு இத்தொல்லை பழகியதே.

5. தவறான கருதுகோளும் வருகைமுறை ஆய்வும்

குழுவினர் முதலில் கொண்ட கருதுகோள் இயல்பானது. ரோமன் எழுத்துகளே செய்தி. ஏனைய விசித்திரக் குறிகள் கண்ணை ஏமாற்ற இடப்பட்டவை. இக்கருத்தின்படி ரோமன் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்துப் பல மொழிகளுடன் பொறியைக் கொண்டு ஒப்பிட்டனர். எம்மொழியும் பொருந்தவில்லை.

அடுத்து அவர்கள் மேற்கொண்டது, ஒவ்வொரு குறிக்கும் முன்னும் பின்னும் எவை வருகின்றன என்பதைக் கணக்கிட்டு, ஒத்த சூழலில் வரும் குறிகளை ஒரே தொகுதியாக்குவது. அமைப்பு மொழியியல் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. செல்லிக் ஹாரிஸ் 1951இல் வெளியிட்ட நூலில் ஒலியன்களையும் உருபன்களையும் கண்டறிய வகுத்த வருகைமுறை ஆய்வே இங்கு எண்ணுருவம் பெற்றுள்ளது எனலாம். பல்குறி முறையில் ஒரே எழுத்திற்குரிய குறிகள், எழுதுவோன் விருப்பப்படி ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வருவன. அதாவது உறழ்ந்து வருவன. உறழ்ந்து வருவனவற்றின் சூழல் ஒத்திருக்கும். ஆகவே சூழல் ஒத்தவற்றைத் தொகுத்தால், மாறுவேடம் பூண்ட எழுத்துகள் தாமே வெளிப்படும்.

இத்தொகுப்பில் கூரை போன்ற மேற்குறி பெற்ற எழுத்துகள் ஒருங்கே சேர்ந்தன. மேற்குறி இல்லாத ரோமன் எழுத்துகள் அனைத்தும் மற்றொரு தொகுதியாகத் திரண்டன. பின்னர் பல்குறிக் கருதுகோளின் அடிப்படையில் மொழிகளை ஒப்பிட்டபோது ஜெர்மன் மொழி முன்னின்றது. 'பிலிப்' என்னும் பெயரின் எழுத்துக்கூட்டும் அதற்கு ஒத்திருந்தது. எனினும் பொறி தந்தது திசை மட்டுமே, வாசகம் அன்று. ஜெர்மனில் 'சி' என்னும் எழுத்தை அடுத்து 'எச்' வருவது மிகுதி; இவ்விரண்டையும் அடுத்து 'டி' வருதலும் இயல்பு. இத்தகைய எழுத்துத் தொடர்களைக் குறித்தொடர்களில் தேடியே வாசிப்பு முன்னேறியது.

அப்போது வெளிப்பட்ட உண்மை வியப்பிற்குரியது. மேற்குறி இல்லாத ரோமன் எழுத்துகள் எந்த ஒலியையும் குறிக்கவில்லை, அவை சொல்லிடைவெளிகள். படிக்கத்தக்கது எனத் தோன்றியதே வெற்றிடம். பொருளற்றது எனத் தோன்றியதே செய்தி. மேலும், முக்காற்புள்ளி போன்ற குறி தனக்கு முன்னுள்ள மெய் இரட்டிப்பதைக் காட்டியது. மறைத்தவர் சொல்லெல்லையின் மதிப்பை நன்கு உணர்ந்தே அதனை மறைத்திருக்கிறார்.

6. குழூஉக்குறியும் பொருளும்

எழுத்துகள் படிக்கப்பெற்றதும் நூலின் செய்தி வெளிப்பட்டது. அது ஒரு மறைக்குழுவில் புதியவரைச் சேர்க்கும் சடங்கு விவரம். சேர வருபவரிடம் வெற்றுத்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வர், படிக்க இயலாதபோது கண்ணாடி அணிவிப்பர், கண்களைத் துடைப்பர், பின் அறுவை நடத்துவதாகப் பாவனை செய்து புருவத்திலிருந்து ஒரு மயிரைப் பிடுங்குவர். பார்வை பெறுதல் என்னும் உருவகமே சடங்காகிறது. இக்குழுவினர் தம்மைக் கண் மருத்துவர் என்னும் பொருளுடைய பெயரால் அழைத்துக்கொண்டனர். ஜெர்மனியின் உல்பன்பூட்டல் நகரை இருப்பிடமாகக் கொண்ட இக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் பிரீட்ரிக் ஆகஸ்ட் பான் வெல்தைம் பிரபு.

ஆனால் பெரிய அடையாளங்கள் எழுத்துகளாகப் படிய மறுத்தன. அவை குழுவையும் அதன் உறுப்பினரையும் போன்ற பொருள்களைக் குறித்த சொல்லடையாளங்கள். நம் இலக்கணச் சொல்லால் கூறின் குழூஉக்குறிகள். எழுத்துக்குறிக்கு வருகை எண் உதவும். குழூஉக்குறிக்கு உதவுவது சூழலறிவும் வரலாற்றறிவும். 'பறி' என்னும் சொல்லை எத்தனை முறை எண்ணினாலும் அது பொன்னாகாது. பொற்கொல்லர் பட்டறையை அறிந்தவனுக்கே அது பொன்.

இவ்விடத்தில் ஆய்வு வரலாற்றாசிரியர் கைக்கு மாறியது. மறைக்குழுக்களின் வரலாற்றில் வல்லுநரான ஆந்திரியாஸ் ஓனர்போர்ஸ், உல்பன்பூட்டல் ஆவணங்களுடன் இச்சுவடியை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நூலின் ஒரு பகுதி பிரீமேசன் அமைப்பின் சடங்குகளை விவரிக்கிறது. போப் பன்னிரண்டாம் கிளமென்ட் 1738இல் அவ்வமைப்பைத் தடைசெய்திருந்தார். இக்கண் மருத்துவக் குழுவினர் அவ்வமைப்பினுள் ஊடுருவிய எதிரிகளா, அதன் மரபைக் காக்க வேறுபெயர் பூண்ட அன்பர்களா என்னும் வினா எழுந்தபோது, பின்னதே பொருந்தும் என அவர் கருதினார். வாசகம் ஒன்றே; ஆனால் கூற்று யாருடையது, எந்நோக்கத்தது என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாக மாறுகிறது. இதனை எந்த எழுத்துக் கணக்கும் தீர்க்காது.

7. ஒப்பீட்டுச் சான்றுகள்

பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இத்தாலியக் கடிதங்கள் எனப் பட்டியலிடப்பட்டிருந்த மறைவாசகங்களை ஜார்ஜ் லாஸ்ரி, நார்பர்ட் பியர்மன், சதோஷி தோமோகியோ ஆகிய மூவர் 2023இல் படித்து வெளியிட்டனர். கணிப்பொறி இத்தாலியத்தை மறுத்தது, பிரெஞ்சு பொருந்தியது. அதன்பின் எழுதியவர் பெண் என்பதைக் காட்டியவை பெண்பால் இயைபு பெற்ற சொல்வடிவங்கள். 'என் மகன்', 'என் விடுதலை' என்னும் பொருள்படும் தொடர்களும், வால்சிங்கம் என்னும் பெயரும் அவரை ஸ்காட்லாந்து அரசி மேரி என அடையாளம் காட்டின. 1578 முதல் 1584 வரை சிறையிலிருந்து அவர் எழுதிய 57 கடிதங்கள் இவ்வாறு மீட்கப்பட்டன. பொறி மொழியைக் காட்டியது. இலக்கணம் எழுதியவரைக் காட்டியது.

மாறாக, சிந்துவெளி எழுத்தைக் கருதுவோம். ஐராவதம் மகாதேவன் 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வழியாக வெளியிட்ட தொடரடைவு, கணிப்பொறியின் துணையால் உருவானது. 2,906 பொறிப்புகளும், 417 குறிகளும், 13,372 குறிவருகைகளும் அதில் முறைப்படுத்தப்பட்டுள்ளன. குறிகளின் வரிசை ஒழுங்கு, ஈற்றில் வரும் குறிகள், வாசகம் செல்லும் திசை ஆகியவற்றைப் பற்றிய உறுதியான அறிவை இவ்வகை ஆய்வு தந்துள்ளது. ஆயினும் வாசிப்பு ஏற்கப்பட்டதாக இல்லை. கோப்பியாலே சுவடி 75,000 குறிகள் கொண்ட ஒரே வாசகம். அதன் மொழி இன்றும் பேசப்படுவது. சிந்துவெளிப் பொறிப்பு ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்து குறிகளுக்கும் குறைவானது. மொழி எதுவென உடன்பாடில்லை. இருமொழிப் பொறிப்பும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதனைப் படிப்போர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தபின் கணிப்பொறி வழி முயற்சிகளைப் பற்றிய ஆர்வம் பெருகியுள்ளது. எந்த மொழியைக் கொடுத்தாலும் பொறி ஏதேனுமொரு விடையைத் தரும். வாசகம் சிறிதாயின் பொருந்தும் விடைகள் பலவாகும். அவற்றுள் மெய்யானதைத் தேர எண்ணிக்கை தவிர்ந்த சான்று வேண்டும் என்பதே கோப்பியாலே தரும் எச்சரிக்கை.

எழுத்தும் மொழியும் தெரிந்திருந்தும் வாசிப்பு எளிதன்று என்பதற்கு நம் ஓலைச்சுவடிகளே சான்று. மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடா, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், சொல்லிடைவெளி இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அதன் பொருளை அறிய சைனச் சான்றோரை நாடிக் கேட்டுத் தெளிந்தார். எழுத்தைச் சுவடி தந்தது. சமயக் கருத்தை அச்சமயத்தில் வாழ்ந்தோரே தர முடிந்தது.

8. முடிவுரை

வீவரின் கருத்து ஓரளவிற்கு உண்மையாயிற்று. மொழியின் ஒழுங்கு எண்ணிக்கையில் பதிந்துள்ளது. அதனைக் கொண்டு மறைந்த எழுத்தை மீட்கலாம். 2010களின் இடைப்பகுதி முதல் நரம்பு வலைப்பின்னல் முறைகள் பரவிப் பொறியின் ஆற்றல் மேலும் பெருகியுள்ளது. ஆயின் குறியவிழ்ப்பிற்கு ஒரு முடிவுண்டு: மறைத்தவன் எழுதிய எழுத்துத்தொடரை அடைந்ததும் அது நிறைவுறும், சரி, தவறு எனச் சரிபார்க்கலாம். மொழிபெயர்ப்பிற்கு அவ்வாறு ஒரே விடை கிடையாது. அந்த எழுத்துத்தொடர் யாரால், யாருக்கு, எதற்காகக் கூறப்பட்டது என்னும் வினாவிலிருந்தே அது தொடங்குகிறது.

கோப்பியாலே சுவடியில் இவ்விரு பணிகளும் சந்திக்கும் எல்லைக்கோட்டைத் துல்லியமாகக் காண முடிகிறது. சிறு குறிகள் எண்ணிக்கைக்குப் பணிந்தன. பெரிய அடையாளங்கள் பணியவில்லை. எந்திர மொழிபெயர்ப்பின் வெளியீடுகளைத் திருத்தும் பணி மொழிபெயர்ப்பாளர்க்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், சரளமாக அமைந்த ஒரு தொடரைக் கண்டதும் அதன் குழூஉக்குறிகள் எவை என்று தேடுவதே அவர்தம் முதற்கடமையாகும். துருக்கி வாசகத்தை அவிழ்த்தவர்க்கு அவ்வாசகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அவ்விடத்தில் இருப்பவரே மொழிபெயர்ப்பாளர்.